மலைமுதியோர்க்கு மருந்து எங்கே?

குடியைப் பழித்துப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் குடித்து நோயுற்றவனுக்குப் பண்டுவம் (சிகிச்சை) எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அம் மேடைகளுள் பெரும்பாலானவை வாய்திறப்பதில்லை. அக் குடிநோயாளி இளைஞனாயின், ‘ஐயோ, வாழவேண்டிய பிள்ளை’ என்று இரங்குவார் நாலு பேராவது இருப்பர். அவன் அறுபது எழுபது அகவை கடந்த முதியவனாயின் அவ் இரக்கமும் இல்லை. ‘இனித் திருந்தி என்ன செய்யப் போகிறார்? இருக்கிற வரையில் குடித்துவிட்டுப் போகட்டும்’ என்பதே ஊரின் தீர்ப்பு, உறவின் தீர்ப்பு, பல வேளைகளில் மருத்துவத்தின் தீர்ப்பும் அதுவே. அம் முதியவன் மலைமேல் வாழும் பழங்குடியினனாகவும் இருந்துவிட்டாலோ, தீர்ப்புச் சொல்லவும் ஆளில்லை!

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். சூது 94-ஆம் அதிகாரம். மருந்து 95-ஆம் அதிகாரம். குடியைக் கடிந்த அதே பேராசான், இரண்டே அதிகாரங்கள் தள்ளி மருத்துவம் பேசுகிறார். தமிழ்நாட்டு மேடைகளோ 93-ஆம் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகின்றன. மருந்ததிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர், மருத்துவம் என்பது மருந்து மட்டுமன்று, நோயாளியும் மருத்துவனும் மருந்தும் உடனிருந்து பேணுவோனும் ஆகிய நான்கும் கூடியதே என்று வரையறுத்துக் காட்டுகிறார். அந் நான்கனுள் எத்தனை இன்று சவ்வாது மலையின் முதிய குடிநோயாளிக்குக் கிடைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது தமிழ்மக்கள் கடமையாகும்.

நன்னன் மலையும் நாட்கூலியின் மலையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சவ்வாது மலை, இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சமுனாமரத்தூர் அதன் ஒன்றியத் தலைமையிடம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ‘நாடு’ என்னும் பழந்தமிழ்ப் பிரிவுப் பெயரை இன்றுங் காத்து நிற்கும் மண் அது. அங்கு வாழ்வோரைச் சட்டம் ‘மலையாளி’ எனப் பழங்குடிப் பட்டியலில் குறித்துள்ளது. அவர் கேரளத்தார் அல்லர்; மலையை ஆள்வோர் என்னும் பொருளிற் பெயர்பெற்ற தமிழர். அவர் பேசுவது தமிழ். சாமையும் பலாவும் புளியும் தேனும் கடுக்காயும் நெல்லியும் அவர்தம் செல்வம்.

இம் மலையிற் பிறக்கும் ஆறே சேயாறு. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா, இன்றைய செங்கம். அப் பாட்டில் மலைவாணர் விருந்தினர்க்கு மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை வழங்கும் செய்தி உண்டு. ஆகவே மலையிற் குடி நேற்று வந்ததென்று எவரும் சொல்லார். ஆயின், விழாவுக்கும் விருந்துக்கும் உரியதாயிருந்த தேறல் வேறு. நாட்கூலியை நாள்தோறும் உறிஞ்சும் சாராயம் வேறு. முன்னது ஊரோடு உண்டது. பின்னது ஒருவனைத் தனியே இருத்தி உண்பது!

அரசின் போக்கு நிலையாக இருந்ததுமில்லை. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கள்ளும் சாராயமும் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் ‘தாசுமாக்கு’ எனப்படும் அரசு வாணிகக் கழகம் தோன்றிற்று. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. இன்று எழுபது அகவை நிரம்பிய மலைமகன் ஒருவன், தன் வாழ்நாளுக்குள் குடி குற்றமாகவும், பின் உரிமையாகவும், மீண்டும் குற்றமாகவும், இறுதியில் அரசின் வருவாயாகவும் மாறியதைக் கண்டுவிட்டான். இவற்றுள் எந்தக் காலத்திலாவது அவன் குடி ஒரு நோயாகக் கருதப்பட்டதா என்பதே வினா.

மலைக்குள் அரசு ஏறிவருவது பெரும்பாலும் ஊறலை அழிக்கவே. பானையும் பேரலும் உடைக்கப்படும். இத்தனை ஆயிரம் படி ஊறல் கொட்டப்பட்டது என்று செய்தி வரும். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை வாணாட் சிறை வரையில் உயர்த்தப்பட்டது. நன்று; காய்ச்சுவோனுக்குச் சிறை வேண்டியதே. ஆனால் காய்ச்சுவோன் சிறை சென்ற மறுநாள், நாற்பதாண்டு குடித்துப் பழகிய கிழவரின் கை நடுங்குமே, அதற்கு எந்தத் திருத்தத்தில் விடை எழுதப்பட்டது?

முதலாவது: நோயாளி

முதியவன் உடல் இளைஞன் உடலன்று. அகவை ஏற ஏற உடலின் நீர்ப்பங்கு குறைகிறது. கொழுப்புப் பங்கு கூடுகிறது. சாராயம் நீரிற் கலந்து பரவுவது. ஆகவே முப்பதாம் அகவையில் தாங்கிய அதே அளவு, எழுபதாம் அகவையிற் குருதியில் மிகுந்த செறிவோடு நிற்கும். கல்லீரலும் முன்போல் விரைந்து அதனைச் சிதைப்பதில்லை. ‘நாற்பதாண்டாக இதே அளவுதான் குடிக்கிறேன்’ என்று பெரியவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். அளவு மாறவில்லை, உடல் மாறிவிட்டது.

அதன் விளைவுகள் குடியின் முகத்தோடு வருவதில்லை. முதுமையின் முகத்தோடு வருகின்றன. கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது, ‘வயதாகிவிட்டது’ என்பர். நினைவு மங்குகிறது, ‘வயதாகிவிட்டது’ என்பர். உறக்கமும் உணவும் குறைகின்றன. அதற்கும் ‘வயதாகிவிட்டது’ என்பதே விடை. குருதிக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உண்ணும் மருந்துகளோடு சாராயம் பகைத்து மயக்கம் விளைப்பதையும் எவரும் கேட்பதில்லை. பிரித்தானிய அரச உளமருத்துவர் கல்லூரி 2011-இல் முதியோர் குடியைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்கு, ‘கண்ணுக்குத் தெரியாத அடிமைகள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டது. செல்வச் செழிப்புள்ள நாட்டு முதியோரே கண்ணுக்குத் தெரியவில்லையெனில், காட்டுக்குள் குடிசையில் இருப்பவர் யார் கண்ணுக்குத் தெரிவார்?

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடுமென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தோன்றும்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் மூன்றாம் நாட்களில் அறிவு பிறழ்ந்து, இல்லாதனவற்றைக் கண்டு அலறும் நிலை வரலாம். பண்டுவம் இன்றேல் இது உயிரையே பறிக்க வல்லது. முதியோர்க்கு இடர் பன்மடங்கு. ஊறல் அழிந்த மூன்றாம் நாள் ஒரு முதியவர் சுவரைப் பார்த்துப் பேசினால், வீட்டார் பேய் பிடித்ததென்று பூசாரியைத் தேடுவர். எலும்பு முறிவுக்காக மருத்துவமனையிற் கிடத்தப்பட்ட மூன்றாம் நாள் அவ்வாறு பேசினால், முதுமைப் பிதற்றல் என்று அங்குள்ளோர் தள்ளிவிடவும் கூடும். ‘நாளைக்கே விட்டுவிடு!’ என்று மேடையில் முழங்குவோர் இதனை அறிதல் வேண்டும். அறிவுரை ஒன்றையே மருந்தாகத் தந்தால் அது கொல்லவும் கூடும்.

இரண்டாவது: மருத்துவன்

இந்திய ஒன்றியத்தின் குடிநோயளவை அளந்த அரசின் ஆய்வறிக்கை 2019-இல் வெளிவந்தது. குடிக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு பண்டுவம் பெற்றனர் என்றும், 180 பேரில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிப் பண்டுவம் பெற்றனர் என்றும் அது கூறிற்று. இது நகரும் நாட்டுப்புறமும் மலையும் எல்லாஞ் சேர்ந்த கணக்கு. அவ் ஆய்வு எடுத்துக்கொண்ட அகவை 10 முதல் 75 வரை. எழுபத்தைந்தைக் கடந்தவன் அக் கணக்கில் முப்பத்தெட்டிலும் இல்லை, ஒன்றிலும் இல்லை! 2015-16-இல் நிகழ்ந்த தேசிய மனநல ஆய்வும், குடிநோயுற்றாருள் நூற்றுக்கு 86 பேர் பண்டுவம் இன்றி விடப்பட்டனர் என்றே கூறிற்று.

2025-இல் தமிழக அரசு, ‘கலங்கரை’ என்னும் பெயரில் 25 மீட்பு நடுவங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கிற்று. பெயர் அழகிய தமிழ்ப்பெயர், முயற்சியும் போற்றத்தக்கதே. ஆயின் கலங்கரை விளக்கம் கடற்கரையில் நிற்பது. கலத்தில் வருவோர்க்கே வழிகாட்டுவது. மலைமுகட்டில் இருப்பவனுக்கு அவ் ஒளி எட்டுமா? உளமருத்துவர் இருக்கும் இடம் மாவட்டத் தலைநகர். மலையூரிலிருந்து சமுனாமரத்தூருக்கு நடை, அங்கிருந்து வளைவு வளைவாய் இறங்கிப் போளூர், பின்னர்த் திருவண்ணாமலை. ஒரு நாட்கூலி போகும். துணைக்கு வருபவனின் கூலியும் போகும். மாலைக்குள் மலையேறும் பேருந்தைப் பிடிக்காவிடின் இரவு தெருவில். கைந்நடுக்கமும் கால்வலியும் உள்ள எழுபது அகவையினன் இதனைத் திங்களுக்கு இருமுறை செய்வான் என்று எதிர்பார்ப்பது, செய்யவேண்டா என்று சொல்வதற்கு ஒப்பாகும். 2023 மே திங்களில், வேலூர் மாவட்ட அல்லேரி மலையில் பாம்பு தீண்டி இறந்த குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்தாள். மருத்துவ ஊர்தி சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிட்டது. சாகக் கிடந்த குழந்தைக்கே வழியில்லாத மலைகளில், ‘குடிகாரக் கிழவனுக்கு’ எவன் வழிவெட்டுவான்?

மருத்துவன் கிடைத்தாலும் மொழி கிடைத்தல் வேண்டும். அறுவைப் பண்டுவத்திற்குக் கத்தி கருவி. குடிநோய்ப் பண்டுவத்திற்குச் சொல்லே முதற்கருவி. நோயாளியோடு பேசி, அவன் மனத்தில் உள்ளதை வெளிக்கொணர்ந்து, அவன் வாயாலேயே உறுதி சொல்லச் செய்வதே அப் பண்டுவத்தின் உயிர். குடியளவை அறிய உலக நலவாழ்வு அமைப்பு 1989-இல் பத்து வினாக்களை வகுத்தது. அவை ‘ஒரு குடியளவு’ என்பதைப் பத்துக் கிராம் சாராயச் சத்தாகக் கொண்டு எண்ணுவன. சொம்பிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் அளந்து குடிப்பவனிடம், ஆங்கிலத் தாளைப் பார்த்து அரைகுறையாய் மொழிபெயர்த்துக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? ‘கொஞ்சந்தான் சாமி’ என்பான். தாளிற் ‘கொஞ்சம்’ என்று எழுதப்படும். தமிழகத்தில், தமிழ் நோயாளிக்குத் தமிழால் மருத்துவம் இல்லையெனில், அது மொழிக்கு இழுக்கு என்பது ஒருபுறம். பண்டுவமே பொய்த்துப் போகும் என்பது அதனினும் பெரிது.

மூன்றாவது: மருந்து

மருந்து அரிதன்று. நெடுநாட் குடியால் உடலிற் குன்றிவிடும் பி-1 உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றுவது மிக எளிது. அதனை ஏற்றாமல் சருக்கரை நீரை மட்டும் ஏற்றினால் மூளை கெட்டு நினைவே அழியக்கூடும் என்பதை மருத்துவ நூல்கள் கூறும். நடுக்கத்தையும் வலிப்பையும் தணிக்கும் மாத்திரைகள் உள்ளன. முதியோர்க்கு அவற்றைக் குறைந்த அளவில், மூச்சையும் உறக்கத்தையும் கண்காணித்துத் தருதல் வேண்டும். குடித்தால் குமட்டலை உண்டாக்கும் ‘டைசல்பிராம்’ மருந்தோ நெஞ்சாங்குலை நோயுள்ள முதியோர்க்கு ஆகாது. ‘குடியை மறக்கடிக்கும் பொடி’ என்று சொல்லி, அவர்க்குத் தெரியாமலே உணவிற் கலக்கச் சொல்லும் விளம்பரங்களை நம்புவோர் இதனை உணர்தல் வேண்டும். ஆகவே தேவைப்படுவது விலையுயர்ந்த மருந்தன்று. இருக்கும் மருந்தை அறிந்து தரும் பயிற்சியும், ஐந்தாறு நாள் படுத்திருக்க ஒரு கட்டிலுமே.

நான்காவது: உடனிருந்து பேணுவோன்

மலையில் இன்று மிக அருகிவிட்டவன் இவனே. விளைச்சல் போதாமையால் இளையோர் கேரளத்திற்கும் கருநாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகின்றனர். 2015 ஏப்பிரல் 7-இல் ஆந்திரச் சேசாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர் சுட்டுக்கொல்லப்பட்டனரே, அவருள் சவ்வாது மலைமக்களும் இருந்தனர் என்பதைத் தமிழுலகம் மறந்துவிடலாகாது. மகன் பிழைக்கப் போன வீட்டில், அல்லது திரும்பியே வராத வீட்டில், முதியவர் பேரப்பிள்ளைகளோடு எஞ்சியிருக்கின்றார். தனிமையே அவர்தம் குடிக்குத் துணை. மூதாட்டியர் வாயில் அடக்கும் புகையிலையும் இவ் வகையதே. அது புற்றாகிக் கன்னம் துளைபடும் வரையில் எவரும் அதனை நோயென்று எண்ணுவதில்லை.

‘இனித் திருந்தி என்ன பயன்?’

இவ் வினாவை எழுப்புவோர்க்கு விடை உண்டு. முதிய குடிநோயாளிகள் பண்டுவத்தில் இளையோர்க்கு இணையாகவும், சில வேளைகளில் அவரினும் மேலாகவும் நலம்பெறுகின்றனர் என்பதே மருத்துவ உலகம் கண்ட உண்மை. வருகையிலும் சொற்கேட்டலிலும் அவர் உறுதியானவர். மேலும், குடியை விட்ட முதியவர் ஒருவர் மலையூரில் வெறும் ஒருவரல்லர். ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் கூடும் அவையில் சொல்லுக்கு மதிப்புள்ளவர் அவரே. அவர் குடித்தால் இளைஞனுக்கு அது ஒப்புதல். அவர் விட்டால் இளைஞனுக்கு அது கட்டளை. குடியால் அவர் நினைவு அழிந்தால், மூலிகைப் பெயரும் விதைப்பருவமும் ஊர்வரலாறும் நூற்றுக்கணக்கான பழந்தமிழ்ச் சொற்களும் அவரோடு அழியும். இதனினும் பெரிய காரணமும் உண்டு: அவர் மாந்தர், நோயுற்றிருக்கிறார். அது போதாதா?

‘கடையை மூடினால் போதும், பண்டுவம் எதற்கு?’ என்று கேட்கும் நல்லோரும் உளர். கடை மூடத்தான் வேண்டும். இந்திய அரசமைப்பின் 47-ஆம் பிரிவே அதனைக் குறிக்கோளாகச் சொல்கிறது. ஆனால் கடை மூடும் நாளன்று நோயாளிக்குக் கட்டில் இல்லையேல், அவன் காட்டுச் சாராயத்தைத் தேடுவான். அல்லது வலிப்பு வந்து வீழ்வான். மூடுதலும் மருந்தும் இரு கைகள். ஒரு கையால் ஓசை எழாது.

சட்டத்திற்கும் குறைவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் குடி சார்ந்த உளநோயையும் நோயென்றே ஏற்று, அதன் 18-ஆம் பிரிவில் பண்டுவத்தை மக்களின் உரிமையாக்கியுள்ளது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் முதியோர் பேணுகைச் சட்டம், அரசு மருத்துவமனைகளில் முதியோர்க்குப் படுக்கை ஒதுக்கச் சொல்கிறது. பணத்திற்கும் குறைவில்லை. 2023-24-ஆம் ஆண்டில் தாசுமாக்கால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி உருவாவுக்கு மேல். அதே 2023-இல் முதியோர் உதவித்தொகை திங்களுக்கு 1,200 உருவாவாக உயர்த்தப்பட்டது. ஒரு கையால் கொடுத்த அத் தொகையுள் எவ்வளவு, மறு கையால் நடத்தும் கடைக்கே திரும்புகிறது என்று ஆள்வோர் ஒருநாளேனும் எண்ணியதுண்டா?

செய்யத்தக்கவை

வழி காட்டுவோர் அயலில் இல்லை; அருகிலேயே உளர். 1980-இல் சென்னையிற் குடிநோயாளர்க்கென்று மருத்துவமனை நிறுவிய தி.தி. அரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையினர், பின்னர்க் குடந்தைக்கு அருகிலுள்ள மஞ்சக்குடிச் சிற்றூரில், ஊருக்குள்ளேயே நோயாளரைத் தங்கவைத்து மருத்துவப் பாசறை நடத்திக் காட்டினர். தருமபுரி மாவட்டச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், முப்பது ஆண்டுகட்கு மேலாகப் பழங்குடிப் பெண்களே நலவாழ்வுப் பயிற்சி பெற்றுத் தம் மக்களுக்கு மருத்துவத் தொண்டு செய்கின்றனர். கோவாவில், மருத்துவரல்லாத உள்ளூரார் பயிற்சி பெற்று மிகுகுடியரோடு உரையாடிய முறையை ஆய்ந்து 2017-இல் முடிவு வெளியிட்டனர். அம் முறையில் நூற்றுக்கு 36 பேர் தீங்கான குடியினின்று மீண்டனர். வழக்கமான மருத்துவத்தில் மீண்டோர் 26 பேரே. ஆனால் அவ் ஆய்வும் அறுபத்தைந்து அகவையோடு கதவைச் சாத்திக்கொண்டது! சிம்பாப்வே நாட்டிலோ, 2006 முதல் பாட்டியரே விசிப்பலகையில் அமர்ந்து உளநோயுற்றாரோடு தம் தாய்மொழியிற் பேசி ஆற்றுகின்றனர். பாட்டிகளுக்கா தமிழ்நாட்டிற் பஞ்சம்?

ஆகவே சவ்வாது மலைக்கு வேண்டுவன இவை. மலைமேலுள்ள தொடக்க நலவாழ்வு நிலையங்களில் குடிநோய்க்கென்று இரண்டு மூன்று கட்டில்களும், பி-1 ஊசியும், நடுக்கம் தணிக்கும் மருந்தும் எப்போதும் இருத்தல் வேண்டும். உளமருத்துவர் குறித்த நாளில் மலையேறி வருதல் வேண்டும். நோயாளி மலையிறங்குதல் விதியாகக் கூடாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குருதிக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீடுதேடி மருந்து கொணர்கிறது. அவ் ஊழியர் குடியைப் பற்றியும் நாலு வினாக்களைச் சொம்பளவிலும் சிரட்டையளவிலும் மலைத்தமிழிற் கேட்கப் பயிற்றப்படுதல் வேண்டும். ஊறலை அழிக்கக் காவலர் ஏறும் நாளில், அவர்பின் ஒரு மருத்துவ ஊர்தியும் ஏறுதல் வேண்டும். குடிவிட்ட மலைமுதியோரையே ஊர்தோறும் உடனிருந்து பேணுவோராக அமர்த்தி, அவர்க்கு உரிய கூலியும் கொடுத்தல் வேண்டும். ஆய்வுகளில் அகவை வரம்பு நீங்குதல் வேண்டும்.

தமிழ் உணர்வு உடையோர்க்கும் பணி உண்டு. வினாத்தாள்களையும் மருந்துக் குறிப்புகளையும் எளிய தமிழிலும் மலைவழக்கிலும் எழுதித் தருதல் அவரால் இயலாததன்று. விடுமுறை நாளில் ஒரு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மலைக்கே கொணர்ந்து விடுதலும் தமிழ்த்தொண்டே. தமிழ் வாழ்க என்னும் முழக்கம், தமிழ் பேசுவோன் வாழ வழி செய்யும்போதுதான் பொருளுடையதாகிறது.

தேறலை வார்த்து விருந்தோம்பிய மலை அது. இன்று அம் மலையின் முதுகுடிமகன் நடுங்கும் கையோடு தன் குடிசை வாயிலில் அமர்ந்திருக்கிறான். அவனை நோக்கி 93-ஆம் அதிகாரத்தைப் படித்தது போதும். 95-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மலையேறுக!